குப்பையில் எழுந்த முகங்கள்

கண்ட பொருள்களை அடுக்கி மனித முகம் சமைக்கும் எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. இத்தாலிய ஓவியர் ஆர்ச்சிம்போல்தோ 16ஆம் நூற்றாண்டிலேயே காயும் கனியுமாக மன்னர் இரண்டாம் ருடால்பின் உருவத்தை அமைத்துக் காட்டினார். ஆயினும் அவர் கனிகளைத் தூரிகையால் தீட்டினாரேயன்றிக் கனிகளையே வைத்துப் படம் செய்தாரல்லர். பொருளையே வண்ணமாகக் கொண்டவர்களுள் பிரேசில் நாட்டு விக் முனிஸ் குறிப்பிடத் தக்கவர்.

1961இல் சாவோ பாலோவில் பிறந்த இவர், 1996இல் செயின்ட் கிட்ஸ் தீவின் கரும்புத் தோட்டத் தொழிலாளரின் குழந்தைகளைச் சர்க்கரையால் வரைந்தார். பெற்றோரின் உழைப்பு எதில் கரைந்ததோ, அதிலேயே பிள்ளைகளின் முகம்! கருத்து நுட்பமானதே. ஆனால் அப்படங்களை ஆக்கும் வேலையில் குழந்தைகளுக்குப் பங்கில்லை.

2008இல் வந்த 'குப்பைச் சித்திரங்கள்' இக்குறையை ஒருவாறு நீக்கின. ரியோ டி ஜெனிரோ அருகேயுள்ள ஜார்டிம் கிராமாஷோ குப்பைமேடு, 2012 ஜூனில் மூடப்படும்வரை, உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அங்கே பிளாஸ்டிக்கும் உலோகமும் பொறுக்கி விற்றுப் பிழைத்தவர்களை முனிஸ் புகைப்படம் எடுத்தார். பெரிய கூடமொன்றின் தரையில் அப்படத்தை ஒளியால் விழச் செய்தார். அந்தக் கோடுகளின்மேல் டயர், புட்டி, மூடி, கிழிந்த செருப்பு முதலியவற்றைப் பரப்பியவர்கள் அப்பொறுக்குநர்களே. சாரத்தின்மேல் நின்று முனிஸ் இடம் சுட்டினார். பின் உயரத்திலிருந்து படமெடுத்தார். தரைச் சித்திரம் கலைந்தது, புகைப்படமே எஞ்சிற்று.

இவ்வரிசையில் பேர்பெற்றது 'மாரா'. பொறுக்குநர் சங்கத் தலைவர் தியாவோ சாந்தோஸ் குளியல் தொட்டியில் சாய்ந்து கிடக்கிறார். கொலையுண்ட பிரெஞ்சுப் புரட்சியாளர் மாராவை 1793இல் தாவீத் தீட்டிய கோலம் அது. தள்ளி நின்றால் மனிதன், நெருங்கினால் குப்பை. இந்தத் தடுமாற்றத்திலேயே படத்தின் வலிமை இருக்கிறது. ஆனால் உயிரோடு சங்கம் நடத்துகிற ஒருவரைப் பிணமாகக் காட்டுவானேன்? உழைப்பாளிக்கு மதிப்புத் தர ஐரோப்பிய ஓவியத்தின் சட்டை எதற்கு? மில்லேயின் விதைப்பவர், பிக்காசோவின் இஸ்திரி போடும் பெண் என்று பிற படங்களிலும் இரவல் கோலம் உண்டு. தலைச்சுமையோடு நிற்கும் இர்மாவின் படத்திலோ நாம் பழைய ஓவியம் எதையும் தேட வேண்டியதில்லை. ஆகவே அதுவே எமக்கு உயர்ந்ததாகப் படுகிறது.

கலை மனநோவுக்கு மருந்து என்று பேசுவோர் பலர். மருந்தென்றால் அதன் பின்விளைவையும் கேட்க வேண்டுமல்லவா? லூசி வாக்கர் இயக்கிய 'வேஸ்ட் லேண்ட்' என்னும் 2010ஆம் ஆண்டு ஆவணப்படம் இக்கேள்வியை மறைக்கவில்லை. சில வாரம் கூடத்தில் வேலை செய்தவர்களை மீண்டும் குப்பைமேட்டுக்கு அனுப்புவது நன்மையா, தீமையா என்று முனிஸின் குழுவினரே வாதிடுகின்றனர். திரும்பிப் போக மனமில்லாதவர்களையும் படத்தில் காண்கிறோம். 'மாரா' லண்டன் ஏலத்தில் விலைபோய், பணம் சங்கத்துக்குச் சேர்ந்தது மெய்தான். எனினும் பணத்தைவிட, தம் முகத்தை உயரத்திலிருந்து தாமே நோக்கிய அந்தக் கணம் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது என்பதை அவர்தம் கண்களே காட்டுகின்றன. யாரோ வரைந்து கொடுத்திருந்தால் அப்பார்வை வந்திராது. தம் கையால் வைத்த மூடியைத் தம் கன்னத்தில் கண்டார்கள்.

ஒரு குறை மட்டும் உறுத்துகிறது. படத்தில் இருப்பவரின் பெயர் தலைப்பில் உண்டு. படைத்தவர் என்று முனிஸின் பெயர் உண்டு. குனிந்து பரப்பிய மற்றக் கைகளின் பெயர் அங்கே இல்லை.