தாளத்தை ஒப்படைக்கும் கலை

மேடைக் கச்சேரியைக் கேட்கும் அதே ஆசையோடு பாட்டு க்ளாஸையும் கேட்கிற ஆள் நான். அதிலும் ஜூமில் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்து, நாளைக்கு மேடையில் ஒரே குழுவாகப் பாடும்படி தயார் செய்கிற டீச்சர் அமைந்துவிட்டால், பக்கத்து அறையிலிருந்து எழுந்து போக மனசு வராது. அந்த வேலைக்குள் இருக்கும் நுணுக்கம் சாமானியமானதல்ல.

முதல் எதிரி தூரம். டீச்சர் சென்னையில், பிள்ளை நியூயார்க்கில் என்றால், இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 13,500 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். ஆக, எத்தனை பணம் கட்டி இணைப்பு வாங்கினாலும் டீச்சரின் குரல் அங்கே போய், பிள்ளையின் குரல் இங்கே திரும்ப 135 மில்லிநொடியாவது வேண்டும். கேபிள் சுற்றிப்போகிற வழியையும் மென்பொருள் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்தால் 200-ஐச் சுலபமாகத் தாண்டும். சரளி வரிசையை மூன்றாம் காலத்தில் பாடினால் ஓர் எண்ணிக்கைக்கு நான்கு ஸ்வரம். எண்ணிக்கை ஒரு நொடி என்றால் ஸ்வரம் கால் நொடி. கிட்டத்தட்ட முழுசாக ஒரு ஸ்வரத்தைத் தூரமே விழுங்கிவிடுகிறது. மேடையில் பாடகருக்கும் மிருதங்கத்துக்கும் இடையே ஒலி கடக்க ஆறேழு மில்லிநொடிகூட ஆகாது. சேர்ந்து பாடுவது என்பதே அந்த நெருக்கத்தை நம்பித்தான் இருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ் சேஃபும் அவரோடு இருந்தவர்களும் உருவாக்கிய ஜாக்ட்ரிப் போன்ற மென்பொருள்கள் ஒலியைச் சுருக்காமல் அனுப்பித் தாமதத்தைக் குறைக்கின்றன. ஒரே வட்டாரத்தில் இருப்பவர்கள் அதை வைத்துச் சேர்ந்தே வாசிக்கலாம். கடலைத் தாண்டினால் அதுவும் கைவிரிக்கும்.

இங்கேதான் டீச்சரின் வித்தை ஆரம்பிக்கிறது. பத்துப் பிள்ளைகளும் மியூட்டில் தாளம் போடுகிறார்கள் என்று வையுங்கள். டீச்சர் தட்டுவது பிள்ளைக்குத் தாமதமாகப் போகும். பிள்ளை தட்டுவது டீச்சருக்கு இன்னும் தாமதமாக வரும். அதனால் சரியாகப் போடும் பிள்ளை திரையில் பின்தங்கித்தான் தெரிவாள். தாம்பரத்துப் பிள்ளை கொஞ்சம், நியூஜெர்சிப் பிள்ளை அதிகம். பத்துக் கையும் பத்து விதமாக விழும். பத்தும் சரியாக இருக்கலாம். டீச்சரின் கையோடு அச்சாகப் பொருந்தி ஒரு கை விழுந்தால், அந்தப் பிள்ளைதான் முந்துகிறாள்! அனுபவம் இல்லாதவர் சரியாகப் போடுகிறவளைத் திட்டி, ஓடுகிறவளைப் பாராட்டுவார்.

தேர்ந்தவர் செய்வது வேறு. பிள்ளை பாட ஆரம்பித்ததும் தன் கையை மடியில் வைத்துக்கொண்டுவிடுவார். “நீயே தாளம் போட்டுப் பாடும்மா” என்பார். பிள்ளையின் குரலும் அவள் கையும் ஒரே தாமதத்தோடு சேர்ந்து வருவதால் இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் போதும். பாடுகிறவளுக்கே தாளம் சொந்தம் என்று ஆகிவிடுகிறது. நேரில் நடக்கும் க்ளாஸில் இது எளிதில் நேராது. அங்கே குருவின் கையும் பக்கத்துப் பிள்ளையின் குரலும் எப்போதும் முட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கும்.

அடுத்தது, வரியை நறுக்கும் அழகு. எதிரில் உட்கார்ந்திருந்தால் ஒரு முழு ஆவர்த்தனத்தைக் கொடுத்து, பிள்ளை தடுமாறும் இடத்தில் கூடவே பாடித் தூக்கிவிடலாம். திரையில் அந்தத் தாங்கல் கிடையாது. ஆகவே பிள்ளை தனியாகச் சுமக்கக்கூடிய அளவுக்குத்தான் துண்டு போட வேண்டும். நல்ல டீச்சர் ஆதி தாளத்தில் ஐந்தாம் எண்ணிக்கையில் விழும் அருதி என்னும் நிறுத்தத்தில் வெட்டுவார். அடுத்த துண்டை, முந்தின துண்டின் கடைசிப் பிடியிலிருந்தே எடுத்துக்கொடுப்பார். பிறகு இரண்டையும் சேர்த்துப் பாடும்போது ஒட்டு தெரியாது.

திருத்துவதிலும் ஒரு நிதானம். “இல்லை” என்று அவர் சொல்வது போய்ச் சேர்வதற்குள் பிள்ளை அடுத்த ஸ்வரத்துக்குப் போயிருப்பாள். எந்த இடத்தைச் சொன்னார் என்றே தெரியாமல் விழிப்பாள். ஆகவே துண்டு முடியும்வரை காத்திருப்பார். முடிந்ததும், “நீ இப்படிப் பாடினே, இது இப்படி வரணும்” என்று இரண்டையும் பாடிக்காட்டுவார். தோடி ராகத்தின் காந்தார அசைவு மாதிரி இடங்களில் பத்து வாக்கிய விளக்கத்தைவிட இந்த இரட்டைப் பாட்டு நன்றாக வேலை செய்யும். யாருடைய மைக்கை முதலில் திறப்பது என்பதும் அவருக்கு ஒரு கணக்கு. நன்றாகப் பாடும் பிள்ளையை முதலில் கூப்பிட மாட்டார். எல்லோரும் செய்யப்போகிற பிழையைச் செய்யக்கூடியவளைக் கூப்பிட்டு, அவளைத் திருத்தும் சாக்கில் பத்துப் பேரையும் திருத்திவிடுவார்.

சுருதி விஷயம் தனிக் கதை. விடாமல் ஒலிக்கும் தம்புராவை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து மென்பொருள் அழித்துவிடும். பிள்ளையின் அறையில் சுருதிப்பெட்டி ஓடும். டீச்சருக்கு வெறும் குரல்தான் கேட்கும். ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ போடச் சொல்வதுதான் அவருடைய முதல் பாடம். சரளி வரிசை அதற்கப்புறம்தான்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 1978 முதல் நடந்துவரும் கிளீவ்லேண்ட் தியாகராஜ ஆராதனையில் ‘சஸ்டைனிங் சம்ப்ரதாயா’ என்றொரு திட்டம் உண்டு. வட அமெரிக்காவில் சிதறியிருக்கும் பிள்ளைகள் இந்திய வித்வான்களிடம் இணையவழி கற்று, விழாவில் ஒரே குழுவாகப் பாடுவார்கள். கொரோனா வந்து எல்லோரையும் திரைக்கு முன் உட்காரவைப்பதற்கு வெகுகாலம் முன்பே, கர்நாடக சங்கீதம் இந்த வித்தையில் பழகிவிட்டது. காரணம், குரு பாட சிஷ்யை திரும்பப் பாடும் நம் பாடாந்தர முறையிலேயே முறைவைத்துப் பாடுவது அடங்கியிருக்கிறது. முறைவைத்துப் பாடுவதைத் தூரம் ஒன்றும் செய்ய முடியாது.

இப்படித் தயாரான குழுவைக் கேட்கும்போது கவனித்துப் பாருங்கள். எடுப்பு கத்தி மாதிரி விழும். யாரும் பக்கத்துக் குரலுக்காகக் காத்திருப்பதில்லை. ஆனால் குரல்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைவது மட்டும் எட்டாது. யார் அடக்கிப் பாட வேண்டும், யார் ஏந்திப் பாட வேண்டும் என்பதை ஒரே அறையின் காற்றுதான் சொல்லித்தரும். கெட்டிக்கார டீச்சர் அதை ஜூமில் முயன்று நேரத்தை வீணாக்குவதில்லை. விழாவுக்கு முந்தின நேரடி ஒத்திகை முழுவதையும் அதற்கே ஒதுக்கிவைக்கிறார். எதைத் திரையில் முடிக்கலாம், எதற்கு ஆள் நேரில் வர வேண்டும் என்று பிரிக்கத் தெரிந்தவர் கையில்தான் பத்துப் பிள்ளைகள் ஒரு குழுவாக ஆகிறார்கள்.