ஸ்பிரிங்கைக் குட்டையாக்கும் வழக்கம்

அன்றாடச் சாலையில் ஓடும் வேகக் காருக்கு சஸ்பென்ஷன் மாற்றம் என்றதும் பலர் முதலில் தேடுவது குட்டையான, விறைப்பான ஸ்பிரிங்குகளை. அதற்கு நியாயம் உண்டு. வளைவில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் பாரம், ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் பொறுத்தது. மையம் தாழ்ந்தால் பார மாற்றம் குறையும், மொத்தப் பிடிப்பு கூடும். ஆனால் 50 செ.மீ. உயரத்தில் உள்ள மையத்தை 3 செ.மீ. இறக்கினால் பார மாற்றத்தில் கிடைப்பது 6 சதவீத ஆதாயமே. அதற்குக் கொடுக்கும் விலை பல கார்களில் இதைவிடப் பெரிது.

சுபாரு இம்பிரெசா, பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் போன்ற கார்களின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பு கொண்டது. காரைத் தாழ்த்தும்போது கீழ் ஆர்மின் உள்முனை இறங்குகிறது. பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், ஈர்ப்பு மையத்தைவிட அதிகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் இடையிலான தொலைவே பாடியைச் சாய்க்கும் நெம்புகோல், அது நீள்கிறது. சாய்வைத் தடுக்க வாங்கிய விறைப்பில் ஒரு பங்கு, தாழ்த்தியதால் கூடிய சாய்வை ஈடுகட்டவே தீர்ந்துபோகிறது. சக்கரம் மேலேறும்போது சேரவேண்டிய நெகட்டிவ் கேம்பரும் (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்வது) குறைவதால், வளைவில் டயரின் வெளி ஓரமே பாரத்தைச் சுமக்கிறது. நீண்ட பால் ஜாயின்ட்டுகளால் இதைப் பெருமளவு சரிசெய்யலாம். சக்கரத்தின் மேலசைவைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப்புக்கு முன்னால் எஞ்சும் இடைவெளி குறைவதுதான் சாலையில் இன்னும் கொடியது. வளைவின் நடுவே ஒரு குழியில் ஸ்டாப் இடித்தால் விறைப்பு திடீரென எகிறி, அந்தச் சக்கரம் பிடியை இழக்கும்.

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிப் பழைய ஷாக் அப்சார்பரை விட்டுவைப்பது இந்த வழக்கத்தின் மோசமான வடிவம். விறைப்பு இருமடங்கானால் பாடியின் அதிர்வெண் 1.41 மடங்காகும்: 1.4 ஹெர்ட்ஸில் மென்மையாக ஓடிய கார் 2 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். அதே ஷாக்கின் தணிப்பு விகிதமோ ஏறக்குறைய 30 சதவீதம் சரியும். கார் கடினமாகவும் இருக்கும், குதிக்கவும் செய்யும். 1962இல் வந்த லோட்டஸ் எலான் மென்மையான ஸ்பிரிங்கையும் தாராளமான சக்கர அசைவையும் வைத்துக்கொண்டே வளைவுகளில் புகழ் பெற்றது. ஆகவே பணத்தின் பெரும்பங்கு தரமான ஷாக்குகளுக்குப் போகவேண்டும். ஸ்பிரிங் அவற்றுக்குப் பொருந்தியதாக இருந்தால் போதும். நல்ல டயரும் சரியான அலைன்மென்ட்டும் இதற்கெல்லாம் முந்தியவை.

இடது, வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் ஆன்டி-ரோல் பார் மொத்தப் பார மாற்றத்தைக் குறைப்பதில்லை; அதை முன்னும் பின்னும் பங்கிடும் விதத்தையே மாற்றுகிறது. முன்சக்கர இயக்கக் காரின் பின்பக்கத்தில் தடித்த பார் போட்டால், முன்பக்கம் வெளியே இழுத்துச் செல்லும் போக்கு தணியும். செலவுக்கு மேல் பலன் தரும் மாற்றம் இது. ஆயினும் பார் இரு சக்கரங்களையும் பிணைப்பதால், ஒருபக்கக் குழியின் அடி மறுபக்கத்துக்கும் பரவும்.

சஸ்பென்ஷன் மூட்டுகளில் ரப்பருக்குப் பதிலாகப் போடும் பாலியூரித்தேன் புஷ்கள் ஒரே அச்சில் சுழலும் இடங்களில் திருத்தமான பதிலைத் தருகின்றன. பல திசைகளில் வளைந்துகொடுக்க வேண்டிய இடங்களில் அவை இறுகிப் பிடித்து, சக்கரத்தின் தன்னியல்பான அசைவைக் கெடுக்கும். அங்கே கம்பெனி ரப்பரே மேல்.