கயிறும் வயிறும்

திருமாலுக்குக் கேசவன் முதல் தாமோதரன் ஈறாகப் பன்னிரண்டு திருநாமங்கள். கடைசி இரண்டு பத்மநாபன், தாமோதரன். இரண்டுமே ஒரே வயிற்றைப் பற்றியவை என்பது, தினமும் சொல்பவர்களுக்குக்கூடச் சட்டென்று தோன்றாது.

பத்மநாபன், கொப்பூழில் தாமரை உடையவன். அந்தத் தாமரையில் பிரமன் பிறந்தான், பிரமனிடமிருந்து உலகம். அடுத்த பெயரில் தாமம் கயிறு, உதரம் வயிறு. உலகத்துக்கே மூலமான வயிற்றில் யசோதை என்னும் ஓர் ஆய்ச்சி, பிள்ளை கண்ணனின் வெண்ணெய்க் களவுக்காகக் கயிற்றைச் சுற்றி உரலோடு கட்டிவிட்டாள்!

நம் இலக்கணப்படி இது அன்மொழித்தொகை. ‘பொற்றொடி’ என்றால் வளையல் அல்ல, அதை அணிந்தவள். தாமோதரனும் அப்படியே: வயிற்றில் கயிறு உடையவன். ‘கட்டுண்டவன்’ என்று பெயர் சொல்லவில்லை, கவனியுங்கள். கட்டியவள் யார், என்ன குற்றம், எதுவும் இல்லை, வினைச்சொல்லே இல்லை. பத்மநாபனுக்குத் தாமரை எப்படியோ, தாமோதரனுக்குக் கயிறு அப்படி. தண்டனை ஆபரணமாகிவிட்டது.

பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில் அந்தக் கயிறு இரண்டு விரற்கடை குறைகிறது. இன்னொன்றை முடிந்தால் அதுவும் இரண்டு விரற்கடை குறைவு. வீட்டிலிருந்த கயிறெல்லாம் தீர்ந்தும் அதே இரண்டு விரல்! தாய் வேர்த்து, கூந்தல் பூ உதிர்ந்து நிற்பதைப் பார்த்த பிறகுதான் பிள்ளை இசைகிறான். மதுரகவியாழ்வாரின் பிரபந்தம் இந்தக் கயிற்றைச் சொல்லி ‘கண்ணிநுண் சிறுத்தாம்பு’ என்றே தொடங்குகிறது, அதுவே அதன் பெயரும் ஆயிற்று. தாம்பு, கயிறு. கண்ணி, முடிச்சுகள் உள்ளது, நுண், மெல்லியது, அதனால் உடம்பில் அழுந்தும், சிறு, எட்டாதது. கயிற்றுக்கு மூன்று அடைமொழி கொடுத்த கவிஞரை வேறெங்கே தேடுவது?

விஷ்ணு சகஸ்ரநாமத்துக்கான சங்கரர் உரை, தாமோதரன் என்ற பெயருக்கு யசோதை கட்டியதைச் சொல்கிறது. கூடவே, ‘தமம்’ என்னும் புலனடக்கத்தால் உயர்ந்த மதிக்கு எட்டுபவன் என்றும் பொருள் காண்கிறது. தத்துவமாகக் குறையில்லை. ஆனாலும் உரலோடு நிற்கும் பிள்ளை அதில் இல்லை. என் ஓட்டு கயிற்றுக்கே.

இந்தப் பன்னிரண்டு பெயர்களையும் சொல்லி உடலைத் தொடும் ஆசமனத்தில் ‘பத்மநாபா’ என்று கொப்பூழைத் தொட்டதும் கை ‘தாமோதரா’ என்று தலைக்குப் போய்விடுகிறது. நாளைக்குச் சொல்லும்போது அந்த இரண்டு பெயர்களை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள்.