நால்வர் இசையும் நம் இசை மாணவரும்

வயலின் தமிழகத்திற்கு வந்து இரு நூற்றாண்டுகள் ஆகின்றன. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர், சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த நாளில் ஐரோப்பியர் ஒருவரிடம் அதனைப் பயின்று கருநாடக இசைக்கு உரியதாக்கினார். நின்ற நிலையில் தோளில் ஏந்தி வாசித்த கருவி, இங்கு வந்தபின் சம்மணமிட்டு அமர்ந்த கலைஞரின் மார்புக்கும் பாதத்திற்கும் இடையே இடம் பிடித்தது. நரம்புகளின் சுருதியும் மாறிற்று. ஆனால் வந்தது வயலின் மட்டுமே. அதன் உடன்பிறப்புகளான வியோலாவும் செல்லோவும், அவை ஒன்றுகூடி வாசிக்கும் முறையும் நம் இசைக்கல்விக்குள் வரவில்லை.

அம்முறையைத்தான் மேலைநாட்டார் 'சேம்பர் மியூசிக்' என்பர். சிற்றவை இசை எனச் சொல்லிப் பார்க்கலாம். பேரரங்கிற்கென அன்றி, ஒரு கூடத்தில் மூவரோ நால்வரோ அமர்ந்து வாசிப்பது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவரே. கோல் வீசி நடத்துபவர் எவருமில்லை. பெரிய வாத்தியக் குழுவில் பதினாறு வயலின்களுள் ஒன்று தடுமாறினால் மற்றவை அதை மூடிவிடும். நால்வர் குழுவில் அந்த மறைவிடம் கிடையாது. அதனாலேயே அந்நாட்டு இசைப் பல்கலைக்கழகங்களில் கருவியிசை மாணவர்க்கு இது பெரும்பாலும் கட்டாயப் பாடம். நால்வர் இசைக்கென 68 படைப்புகளைத் தந்தவர் ஐடன். 1784-ஆம் ஆண்டு வியன்னாவில் நண்பர் இல்லமொன்றில் நால்வர் அமர்ந்து வாசித்தபோது முதல் வயலினை ஏந்தியவர் அவர்தாம். அதே கூட்டத்தில் மொசார்ட்டின் கையிலிருந்தது வியோலா. எல்லாருடைய கண்ணும் செல்லும் இடத்தை விட்டு, நடுவிலிருந்து மேலும் கீழும் கேட்கக்கூடிய இடத்தில் அம்மாமேதை அமர்ந்திருந்தார் என்பதை இசை பயிலும் இளைஞர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் கச்சேரி மட்டும் என்ன, சிற்றவை இசையன்றோ எனச் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஒத்திகை ஏதுமின்றி மேடையேறி, பாடகரின் ஆலாபனையை அரை மூச்சு பின்னால் தொடர்ந்து, அவர் நிறுத்தியதும் தன் மறுமொழியைத் தரும் வயலின் கலைஞரின் செவி உலகின் எந்தச் செவிக்கும் குறைந்ததன்று. பாலக்காடு மணி ஐயர் (1912–1981) தாளத்திற்கு மட்டுமா வாசித்தார்? பாட்டின் போக்கிற்கே வாசித்தார். கொங்கு நாட்டிலும் இம்மரபு உண்டு. காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் 1965-ஆம் ஆண்டு கனடா நாட்டு ஆய்வாளர் பிரெண்டா பெக் அண்ணன்மார் கதையைப் பதிவு செய்தார். கதை பதினெட்டு இரவுகள் நீண்டது. உடுக்கையோடு ஒருவர் பாட, துணைவர் ஒருவர் ஈடுகொடுத்துச் சென்றார். ஏடு பார்த்துப் பாடிய பாட்டன்று அது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கச்சேரியில் முன்செல்பவர் முன்னரே முடிவு செய்யப்பட்டவர். மற்றவர் 'பக்க' வாத்தியக்காரர். பெயரிலேயே இடம் குறிக்கப்பட்டுவிட்டது. நால்வர் இசையிலோ தலைமை கைமாறிக்கொண்டே இருக்கும். சற்றுமுன் மெல்ல ஒலித்த செல்லோ சில அடிகளுக்கு முன்னே வரும். முதல் வயலின் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். நம் முறையில் வயலினும் மிருதங்கமும் பின்தொடரக் கற்கின்றன. பாடகர் மட்டும் அதைக் கற்பதே இல்லை. குறை என்று நான் கருதுவது இதையே.

இவ்விரு மரபுகளையும் இணைத்துப் பார்த்த முயற்சியாக, வி. எஸ். நரசிம்மன் 1993-இல் தொடங்கிய 'மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட்' குழுவைக் குறிப்பிட வேண்டும். இளையராசாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) இசைத்தொகுப்பில் வயலின் வாசித்தவர் இவரே. கீர்த்தனையை முதல் வயலின் கமகங்களோடு பாட, ஏனைய மூன்றும் தமக்கென எழுதப்பட்ட வழிகளில் நடக்கின்றன. இவ்வகை அமைப்பு சங்கராபரணம் போன்ற இராகங்களில் இயல்பாகப் பொருந்துகிறது. தோடியை நினைத்துப் பாருங்கள். அங்கே காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அசைவே அதன் உயிர். அசையும் சுரத்தின்கீழ் அசையாத சுரக்கூட்டு ஒன்றை வைத்தால், ஒன்று இராகம் தளரும், அன்றேல் அடியிலுள்ளது பொய்யாகும். எனவே, மற்ற மூவரும் எங்கே விலகி நிற்பது என்பதை அறிந்திருக்க வேண்டும். அதற்கு முதல் வயலினின் ஒவ்வொரு சங்கதியும் அவர்களுக்கும் பாடமாக இருந்தாக வேண்டும்.

இத்தகைய கலைஞரை உருவாக்கியது எந்தக் கல்லூரி? பெரும்பாலும் சென்னைத் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களே. சுரக்குறிப்பைக் கண்டவுடன் வாசிக்கவும், பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத் தன் ஒலியைத் திருத்தவும் அங்கேதான் ஒரு தலைமுறை கற்றது. மின்னணு விசைப்பலகையும் கணினியும் வந்தபின் அந்தப் பட்டறை மிகவும் சுருங்கிவிட்டது. (நம் ஆலயப் பாடற்குழுக்களையும் பாருங்கள்: பொத்தானை அழுத்தினால் தாளம் வருகிறது; பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்பதில்லை, பொறியைக் கேட்கிறார்கள்.) பட்டறை போன இடத்தைக் கல்லூரி நிரப்பாவிடில் வேறு யார் நிரப்புவது?

2013-இல் தமிழக அரசு இசைக்கும் கவின்கலைக்குமெனத் தனிப் பல்கலைக்கழகமே கண்டது. கோவையில் அரசு இசைக்கல்லூரி இருக்கிறது. திருச்சியில் அருட்தந்தை ஜார்ஜ் 1977-இல் தொடங்கிய கலைக்காவிரி இருக்கிறது. குரலிசை, வீணை, வயலின், மிருதங்கம் என நம் இசைக்கல்வி பிரிவுகளாகப் பிரிந்து நிற்பது பயிற்சிக்கு வசதியே. கேள்வி, அப்பிரிவுகள் எங்கே சந்திக்கின்றன என்பது. குரலிசை, வயலின், மிருதங்க மாணவர் மூவரிடம் ஒரே கீர்த்தனையைக் கொடுத்து, ஆசிரியரின்றிச் சில வாரங்கள் தாமே உருவாக்கச் செய்து, மூவருக்கும் பொதுவாக ஒரே மதிப்பெண் இடலாம். அடுத்த பருவத்தில் வயலின் முன்செல்ல, பாடியவர் பின்தொடரட்டும்.

எழுதப்பட்ட பகுதிகளாக வாசிக்கப் பழகுவதற்கும் வெளிநாடு போக வேண்டியதில்லை. ஐரோப்பிய மெட்டுகளைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் சங்கராபரணத்தில் அமைத்த நோட்டு சுரங்கள் நாற்பதளவில் உள்ளன. அவற்றில் கமகச் சிக்கல் இல்லை. சிறுவர்க்குரிய பாடமென ஒதுக்கி வைத்திருக்கிறோம். அவற்றுக்கு இரண்டாம், மூன்றாம் குரலை மாணவர்களே எழுதிப் பார்க்கட்டும். செல்லோ இல்லாத கல்லூரியில் அடிக்குரலை வீணையின் மந்தர நரம்புகள் ஏற்றுக்கொள்ளும்.