எண் வந்துவிட்டால் போதுமா?

லினக்ஸ் கெர்னலின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் இன்னும் சில மதர்போர்டுகளின் வெப்பநிலை, மின்னழுத்தம், விசிறி வேகம் எல்லாம் இனி திரையில் தெரியும் என்ற அறிவிப்பும் பாராட்டும் கூடவே வருகின்றன. வன்பொருள் கண்காணிப்பு டிரைவரை மேம்படுத்துவது என்றாலே ஆதரவுப் பட்டியலை நீட்டுவது என்றாகிவிட்டது. தயாரிப்பாளர் ஆவணம் வெளியிடாத சிப்புக்கும் ஊகத்தால் எழுதிச் சேர்க்கிறார்கள். கேட்டால், ஒன்றும் தெரியாமல் இருப்பதற்கு ஏதோ ஓர் எண் வருவது மேல் என்கிறார்கள். இந்த வாதத்தை என்னால் ஏற்க முடிந்ததே இல்லை.

இந்த டிரைவர்கள் அடங்கிய கெர்னலின் எச்டபிள்யூமான் பிரிவின் நிறைகளை மறுப்பதற்கில்லை. எந்தச் சிப்பாக இருந்தாலும் வெப்பநிலை செல்சியஸின் ஆயிரத்தில் ஒரு பங்காகவும் மின்னழுத்தம் மில்லிவோல்ட்டிலும் ஒரே மாதிரியான கோப்புகளில் கிடைக்கும். 2016இல் வந்த புதிய பதிவு முறை, டிரைவர்கள்தோறும் திரும்பத் திரும்ப எழுதப்பட்ட நிரல்வரிகளைக் குறைத்தது. பேட்ச்களை, அதாவது அனுப்பப்படும் நிரல் மாற்றங்களை, பரிசீலிப்பதிலும் கண்டிப்பு உண்டு.

கோளாறு அந்தக் கோப்புக்குள் இருக்கும் எண்ணில்தான். ஐடி87 டிரைவரை எடுத்துக்கொள்வோம். அது கையாளும் ஐடிஇ நிறுவனச் சிப்கள் பலவற்றின் மின்னழுத்த உள்ளீடு 0 முதல் 4.08 வோல்ட் வரைதான் அளக்கும். 12 வோல்ட் மின்தடத்தை நேரே அதில் இணைக்க முடியாது. போர்டில் இரண்டு ரெசிஸ்டர்களை வைத்துக் குறைத்தே கொடுக்கிறார்கள். அந்த விகிதம் போர்டை வடிவமைத்தவருக்குத் தெரியும், டிரைவருக்குத் தெரியாது. ஆகவே சிப்பின் முனையில் கண்டதை அப்படியே சொல்லிவிட்டு, பெருக்கிச் சரிசெய்யும் வேலையை, இந்த எண்களைப் படித்துக் காட்டும் எல்எம்-சென்சார்ஸ் கருவியின் அமைப்புக் கோப்பிடம், அதாவது பயனரிடம், விட்டுவிடுகிறது. எந்த உள்ளீடு 12 வோல்ட், எது 5 வோல்ட், எது எதனோடும் இணைக்கப்படாதது என்பதையும் அவரேதான் கண்டுபிடிக்க வேண்டும். இதுபோதாதென்று, அடையாளம் தெரியாத சிப்பை வேறொரு சிப்பாகக் கருதிக்கொள்ளும்படி கட்டாயப்படுத்தும் 'ஃபோர்ஸ் ஐடி' என்ற வழியும் திறந்தே இருக்கிறது.

பயனர் பயாஸ் திரையோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாமே என்பார்கள். பயாஸ் ஓடும்போது பிராசஸரின் சுமையும் மின்சேமிப்பு நிலையும் வேறு. விண்டோஸ் மென்பொருளோடு ஒப்பிடலாம் என்றால், அதுவும் பல போர்டுகளில் ஊகித்துத்தான் சொல்கிறது. ஊகத்தை ஊகத்தால் சரிபார்ப்பது அளவீடு ஆகாது.

ஏஎம்டி பிராசஸர்களுக்கான கே10டெம்ப் டிரைவரின் கதை இதற்குப் போதுமான சான்று. ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் பிராசஸர்கள் விசிறிக் கட்டுப்பாட்டுக்காக உண்மை வெப்பநிலையைவிட 20 டிகிரி கூட்டிச் சொல்பவை. 2017இல் ஏஎம்டியே இதை விளக்கியதால்தான் டிரைவரால் அதைக் கழித்துக் காட்ட முடிந்தது. மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் அப்படிப்பட்ட விளக்கம் இல்லை. ஆனாலும் 2020இல் கெர்னலின் 5.6 பதிப்பில் அவற்றைச் சேர்த்தார்கள். வரவேற்பு அமோகமாக இருந்தது. ஓராண்டுக்குள் பராமரிப்பாளர் குந்தர் ரோக் அதையெல்லாம் நீக்க வேண்டியதாயிற்று. முறைக்கு ஆவணம் இல்லை, பிராசஸருக்குப் பிராசஸர் அது மாறுகிறது, கிடைக்கும் எண் அளவுத்திருத்தம் செய்யப்படாதது என்பவை அவர் சொன்ன காரணங்கள். பொருந்தாத மின்னழுத்தத்தைப் பார்த்து, டிரைவரே வன்பொருளைக் கெடுத்துவிடுமோ என்று பயனர்கள் அஞ்சும் அளவுக்கு நிலைமை போயிருந்தது. நீக்கியது சரியான முடிவு. ஆனால் இந்தக் காரணங்களில் ஒன்றுகூட நீக்கும்போது புதிதாக முளைத்ததல்ல. ஆவணம் இல்லை என்பது சேர்த்த அன்றே எல்லாருக்கும் தெரியும்.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு யாரும் சும்மா இருந்துவிடுவதில்லை. 12 வோல்ட் தடம் 10 என்று காட்டினால், நன்றாக இருக்கும் பவர் சப்ளையைக் கழற்றி எறிகிறார்கள். எதனோடும் இணைக்கப்படாத உள்ளீட்டின் வெப்பநிலையை நம்பி விசிறியைக் குறைக்கும்படி ஃபேன்கண்ட்ரோல் என்ற விசிறிக் கட்டுப்பாட்டு நிரலில் எழுதி வைத்தால், பிராசஸர் கொதிக்கும்போதும் விசிறி நிதானமாகச் சுற்றும். எண் வராத இடத்தில் மனிதர் எச்சரிக்கையாக இருப்பார். பொய்யான எண் அந்த எச்சரிக்கையைப் பறித்துவிடுகிறது. அதனால்தான், ஒன்றும் தெரியாமல் இருப்பதைவிட இதுவே மோசம் என்கிறேன்.

பேட்ச் அனுப்புகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். நீங்கள் காட்டும் ஒவ்வோர் எண்ணும் எந்த முனையிலிருந்து வருகிறது, எந்த ஆவணத்தின் அல்லது எந்த நேரடி அளவீட்டின்பேரில் அதற்குப் பெயர் வைத்தீர்கள் என்பதை எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் அந்த எண்ணைச் சேர்க்காதீர்கள். ஆவணத்தை வெளியிடும்படி தயாரிப்பாளர்களை விடாமல் நெருக்குங்கள். பொருள் தெரியாத பத்து எண்களை நீக்கும் பேட்ச், புதிதாகப் பத்துப் போர்டுகளைச் சேர்க்கும் பேட்ச்சைவிடப் பெரிய மேம்பாடு.