மாப்புச்சே மக்களின் சடங்குகள்: தொடர்ச்சியும் மாற்றமும்

தென் சிலியின் மாப்புச்சே மக்களது சடங்குகளை ஆராய்வோர்க்கு, லூயிஸ் ஃபாரன் 1964இல் வெளியிட்ட 'சூரியனின் பருந்துகள்' இன்றும் தவிர்க்கவியலாத நூலாகும். ஐம்பதுகளின் முற்பகுதியில் களஆய்வு செய்த அவர், 'ஙில்லாத்துன்' எனும் கூட்டு வழிபாட்டைச் சிறப்பாக நோக்கினார்.

வெளியின் நடுவே 'ரேவே' எனும் புனிதக் கம்பம் நிற்கும். இடத்துக்கேற்ப மூத்தோரோ, 'மச்சி' எனப்படும் மருத்துவப் பூசகரோ முன்னிற்பர். செம்மறி பலியிடப்படும், நல்ல மழையும் விளைச்சலும் வேண்டப்படும். இவற்றினும் முக்கியமானது விருந்து. இம்முறை உணவளிக்கும் குழுவினர் மறுமுறை விருந்தினராவர். இக்கடப்பாடு ஒதுக்கிடங்களின் எல்லைகளைத் தாண்டி மக்களைப் பிணைத்தமையைக் காட்டியதே ஃபாரனின் பெருஞ் சாதனை என்போம்.

ஆயின் அவ்வெல்லைகள் எவ்வாறு தோன்றின? 1861 முதல் 1883 வரை சிலி அரசு படைகொண்டு அந்நிலத்தைக் கைப்பற்றிற்று. பின்னர், 1884க்கும் 1929க்கும் இடையில், ஏறக்குறைய 3,000 உரிமைப் பத்திரங்கள் வாயிலாகச் சுமார் 5 இலட்சம் ஹெக்டேயர் மட்டுமே அம்மக்களுக்கு எஞ்சியது. ஒதுக்கிட வாழ்வு வம்சாவழி அமைப்பைப் பாதித்ததை ஃபாரன் அறிவார். எனினும் சமூக ஒருமைப்பாட்டை வலியுறுத்தும் அவரது நோக்கில் நிலப்பறிப்பின் முரண்பாடு மங்கிவிடுகின்றது. அரசு வரைந்த எல்லையைச் சடங்கு மதிக்கவில்லை என்பதன் அரசியற் பொருளை அவர் போதிய அளவு வினவவில்லை.

மறுபுறம், சடங்கினை வெறும் பழமையெச்சமென ஒதுக்கும் முற்போக்காளரும் நம்மிடையே உளர். அவர்களது வாதமும் சான்றுகளின் முன் நிற்காது. பதினேழாம் நூற்றாண்டு ஸ்பானியர் குறிப்புகளில் ஆண் மச்சிகள் முதன்மை பெறுகின்றனர். இருபதாம் நூற்றாண்டிலோ மச்சிகளுட் பெரும்பாலார் பெண்கள். அன்று போர் வெற்றியை நாடிய வேண்டுதல் பின்னாளில் பயிரையும் கால்நடையையும் நாடிற்று. மாறாதது என்று கருதப்பட்டதே மாறியவாறிருந்துள்ளது.

பினோச்சே ஆட்சியின் 1979ஆம் ஆண்டுச் சட்டம், குடியிருப்போர் ஒருவரது கோரிக்கையின் பேரிலேயே பொதுநிலத்தைத் துண்டாட வழிசெய்தது. பொதுநிலத்தில் வேரூன்றிய வழிபாட்டிற்கு இது நேரடித் தாக்குதலாகும். அத்துடன் நகருக்குப் பெயர்ந்தோரும் பலர். இன்று சந்தியாகோவின் செரோ நாவியா, லா பிந்தானா போன்ற தொழிலாளர் வட்டாரங்களிலும் மாப்புச்சே சடங்குகள் நிகழ்கின்றன. 2021இல் குளிர்காலக் கதிர்த்திருப்ப நாள் நாடளாவிய விடுமுறையாயிற்று. அவ்வாண்டுச் சட்டம் நாளைத் தந்ததேயன்றி நிலத்தைத் தரவில்லை.

வம்சாவழியும் அயலும் சிதறிய நகரில் விருந்தளிப்போர் யார், விருந்தினர் யார், ஏற்ற கடனைத் திருப்பியளிப்பது எவ்வாறு? ஃபாரன் விட்ட இடத்திலிருந்து ஆய்வு தொடரவேண்டியது இவ்வினாவிலேயே.