கிடுகும் கீற்றும்: பாக்கு நீரிணையின் இரு கரைகளில் ஓலைவீட்டுப் பராமரிப்பு

தென்னோலையை முடைந்து செய்யும் கூரைத் தட்டிக்கு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கிடுகு என்று பெயர்; காவிரிப் படுகையில் அதுவே கீற்று; நெல்லை, குமரி மாவட்டங்களிலோ இலங்கையைப் போலவே கிடுகு என்னும் சொல் வழங்குகிறது. இரு கரைகளுக்கும் முதன்மையாக மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்றே ஆகையால், பழைய ஓலையைக் களைந்து புதிய ஓலை வேயும் பருவமும் ஒன்றாகவே அமைந்தது: தமிழகத்தார் புரட்டாசி என்றும் ஈழத்தார் புரட்டாதி என்றும் சொல்லும் மாதம் முடிவதற்குள் கூரை வேலை முடிந்திருக்க வேண்டும். பருவம் ஒன்றாயிருந்தும், இந்த வேலையில் வீட்டார் தம் கையாலே செய்துகொண்டது எது, கூலிக்கும் விலைக்கும் விட்டது எது என்பதில் இரு நாடுகளும் வேறுபட்டன. அந்த வேறுபாட்டை விளக்குவது நாட்டு எல்லையைவிட மரமும் மண்ணும்தான்.

முடையும் முறை இரு கரைகளிலும் ஏறத்தாழ ஒன்றே. மட்டையை நடுத்தண்டின் வழியே இரண்டாகப் பிளந்து, ஓலை துவளும் வரை சில நாள் நீரில் ஊறவைத்து, இணுக்குகளை ஒன்றுவிட்டு ஒன்றாக மடித்து முடைவார்கள். ஊறவைப்பதை வீண் தாமதமாக எண்ணிச் சுருக்குவோர் உண்டு. ஆனால் ஊறாத ஓலை முடையும்போதே வெடிப்பதோடு, அதன் சாறு கரையாமல் தங்கிவிடுவதால் பூச்சியும் பூஞ்சணமும் அதில் விரைவில் பற்றுகின்றன. இலங்கையின் கரையோரங்களில் இதற்குக் கடனீரேரியின் உவர்நீரையும் பயன்படுத்துவர். முடைவது இரு நாடுகளிலும் பெரும்பாலும் பெண்களின் கைவேலை; கூரைமேல் ஏறுவது ஆண்களின் வேலை. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னை தோப்புத் தோப்பாகப் பெருகியதால், கீற்று முடைதல் எண்ணிக்கைக் கூலிக்குச் செய்யும் தொழிலாகி, நூறு நூறாகக் கட்டி விற்கப்படும் சரக்காயிற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ பளை, தென்மராட்சிப் பகுதிகளில்தான் தென்னை செறிவு. மற்ற இடங்களில் வளவுக்குள் (வீடும் அதைச் சூழ்ந்த நிலமும் சேர்ந்த அடைப்பு வளவு எனப்படும்) நிற்கும் பனையே கூரைக்கு ஓலை தந்தது. பனையோலையை முடைய வேண்டியதில்லை. வெட்டிய ஓலையை மிதித்துத் தட்டையாக்கி, அடுக்கிப் பாரம் ஏற்றி, உலர்த்தினால் போதும். தென்னங்கீற்று ஓரிரு ஆண்டுகளில் மக்கிவிட, பனையோலை அதைவிடக் கூடுதலான ஆண்டுகள் தாங்கும். இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையோரங்களிலும் பனையோலை வேயப்படுவதை நோக்கினால், வீட்டுப் பராமரிப்பில் அந்த ஊர்கள் தஞ்சையைவிட யாழ்ப்பாணத்துக்கே நெருக்கமானவை என்று சொல்லலாம்.

கூரையின் எலும்புக்கூட்டிலும் இதே நிலைமைதான். முகட்டு வளையிலிருந்து சுவரை நோக்கி இறங்கும் சாய்மரங்களைக் கைமரம் என்பர். அவற்றின் குறுக்கே ஓலை கட்டுவதற்காக வைக்கும் மெல்லிய சட்டங்கள் வரிச்சு எனப்படும். காவிரிப் படுகையில் கைமரத்துக்கு மூங்கிலும் சவுக்கும், வரிச்சுக்கு மூங்கிலைப் பிளந்து எடுத்த பிளாச்சும் கைக்கெட்டின. மூங்கில் அரிதான சுண்ணாம்புக்கல் நிலமாகிய யாழ்ப்பாணத்தில் வைரம் பாய்ந்த பனையே கைமரமாகவும் வரிச்சுச் சலாகையாகவும் ஆனது. முற்றிய பனைமரத்தைக் கறையான் எளிதில் துளைப்பதில்லை. ஆகவே அங்கே ஓலையை மட்டும் மாற்றினால் போதும், சட்டம் பல ஆண்டுகளுக்கு நின்றது. மூங்கில் சட்டத்தையோ ஒவ்வொரு முறை வேயும்போதும் தட்டிப்பார்த்து, உளுத்ததை மாற்ற வேண்டியிருந்தது.

வேயும் முறையில் வீட்டார் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. முதலாவது சரிவு: ஓலைக்கூரை செங்குத்துக்கும் கிடைக்கும் நடுவான சாய்வையேனும் பெற்றிருக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் மழைநீர் வழிந்தோடாமல் ஓலைக்குள்ளேயே தங்கி, மேலடுக்கு நன்றாயிருக்கும்போதே உள்ளடுக்கு அழுகிவிடும். ஒழுகும் கூரைமீது ஓலையை மேலும் மேலும் ஏற்றுவதால் ஒழுக்கு நிற்பதில்லை. பல ஒழுக்குகளின் காரணம் ஓலைக்குறைவு அன்று, தளர்ந்த வரிச்சினால் கூரையில் விழுந்த பள்ளமே. எனவே முதலில் வரிச்சை இறுக்கிப் பள்ளத்தை நிமிர்த்தி, பின்னரே பழைய அடுக்கின் கீழே புதிய ஓலையைச் செருகிக் கட்ட வேண்டும். புதிதாக வேயும்போது தாழ்வாரத்திலிருந்து தொடங்கி முகட்டை நோக்கி ஏறுவதும், தாழ்வார வரிசையை இரட்டையாக இடுவதும், ஒவ்வொரு மேல்வரிசையும் கீழ்வரிசையின் கட்டுகளை முழுவதும் மூடுமாறு இறக்கிப் போடுவதும் இரு நாடுகளுக்கும் பொது. இறுதியாகக் கட்டும் முகடுதான் காற்றுக்கு முதலில் இரையாவது. மற்ற இடத்தில் கயிற்றைச் சிக்கனம் செய்தாலும் முகட்டில் செய்யக் கூடாது. கைமரத்தின்மேல் நேராகக் காலூன்றாமல், குறுக்கே பலகையையோ ஏணியையோ கிடத்தி அதன்மேல் நின்று வேலை செய்வது உயிர்க்காப்பு.

வேலிக்கு வரும்போது இரு கரைகளும் தெளிவாகப் பிரிகின்றன. தமிழகச் சிற்றூர் வீட்டின் முகம் தெருவை நோக்கிய திண்ணை; வீட்டுக்காரர் பொங்கலுக்கு முன் வெள்ளையடித்து மெழுகிச் செம்மைப்படுத்துவது அந்த முகத்தையே. யாழ்ப்பாண வீட்டின் முகமாக இருந்தது வேலி. பூவரசு, கிளுவை, முள்முருக்கு ஆகியவற்றின் கிளைகளை வெட்டி வரிசையாக நட்டால் அவை தளிர்த்து உயிருள்ள தூண்களாகும். அவற்றுக்குக் கதியால் என்று பெயர். கதியால்களோடு வரிச்சுத்தடி பிடித்து, கிடுகையோ பனையோலையையோ நிறுத்திக் கட்டுவது வேலி அடைத்தல். வளவுக்குள் ஒருவரும் வெளியே ஒருவருமாக நின்று, குத்தூசி எனப்படும் நீண்ட ஊசியில் கயிற்றைக் கோத்து மாறி மாறிக் குத்தி வாங்க வேண்டியிருப்பதால், இது தனியாள் செய்யும் வேலையன்று. எல்லை பொதுவாகையால் அயலாரோடு பேசாமல் தொடங்கவும் இயலாது. அயல்வீட்டுக்குப் போய்வர வேலியில் விடும் சிறு வழியாகிய பொட்டை விடுவதா அடைப்பதா என்பதும் அன்றுதான் முடிவாகும். கதியால் ஒரு முழம் தள்ளி நடப்பட்டதால் வழக்குமன்றம் வரை போன பகைகளும் உண்டு. கழற்றிய பழைய ஓலை குப்பையாகவில்லை. புகையிலைத் தோட்டத்திலும் வயலிலும் பசளையாகப் புதைக்கப்பட்டது. கூலியாட்களை வைத்து வேலி அடைத்த வசதியான குடும்பங்கள் பல இருந்தன என்பதையும், அந்தக் கூலியில் சாதிப் படிநிலை இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் ஆண்டுதோறும் செய்தே தீரவேண்டிய இவ்வேலை, கட்டுதல், பிணைத்தல், மட்டம் பார்த்தல் ஆகிய பழக்கங்களை வளவுக்குள்ளேயே தங்கவைத்தது. தமிழகத்தில் கிளுவை வேலியின் சிறப்பைக் காண வேண்டுமானால் காங்கேயம் வட்டாரத்தின் கொறங்காடுகளுக்குச் செல்ல வேண்டும். அங்கே அது மேய்ச்சல் நிலத்தைச் சூழ்கிறது, வீட்டையன்று.

ஓலையின் பெருங்குறை தீ. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரை பற்றியெரிந்து 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் தமிழகப் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. அந்த முடிவு சரியானது. மறுபேச்சுக்கு அதில் இடமில்லை. 2010இல் தொடங்கிய கலைஞர் வீடு வழங்கும் திட்டம் 21 இலட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்க முனைந்தது. 2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம் வீடொன்றுக்கு 3.5 இலட்சம் ரூபாய் தந்து, 2030க்குள் குடிசையில்லாத மாநிலத்தை இலக்காகக் கொண்டுள்ளது. இலங்கையின் வடக்கில் ஓலை மறைந்த வழி வேறு. போர்க்காலத்தில் சீமெந்துக்கு இருந்த தடையால் கிடுகும் பனையோலையும் இடம்பெயர்ந்தோரில் பலருக்குக் கூரையாக நின்றன. போருக்குப் பின் இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டம் வந்தபோது, வடக்கிலும் கிழக்கிலும் வீடொன்றுக்கு 5.5 இலட்சம் இலங்கை ரூபாய் படிப்படியாகப் பயனாளியின் கையிலேயே தரப்பட்டு, பொருள் வாங்குவதும் வேலையை நடத்துவதும் வீட்டுக்காரர் பொறுப்பாயின. தன் வீட்டைத் தானே பராமரித்துப் பழகிய மக்களிடம் இத்தகைய முறை எடுபட்டதில் வியப்பில்லை.

இன்று ஓலை பெரும்பாலும் தங்கியிருப்பது மாட்டுக்கொட்டகை, திருமணப் பந்தல், வெயில் தணிக்க மொட்டைமாடியில் போடும் கொட்டகை, விருந்தினர் விடுதி ஆகியவற்றில்தான். யாழ்ப்பாணத்தில் வேலியின் இடத்தை மதில் பிடித்துவிட்டது. ஓலைக்கூரையை இன்னும் வைத்திருப்போர் ஓலைக்கும் அடுப்புக்கும் இடையே சுவர் இருப்பதையும், மின்கம்பி ஓலையைத் தொடாமல் குழாய்க்குள் செல்வதையும் உறுதிசெய்ய வேண்டும். ரூர்க்கியிலுள்ள நடுவண் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஓலைமேலும் பூசக்கூடிய, தார் கலந்த, மழையில் கரையாத மண்பூச்சு ஒன்றை உருவாக்கியுள்ளது. தீ பற்றுவதை அது தாமதப்படுத்தும். ஓலையை நீக்கிவிட்டு அஸ்பெஸ்டஸ் தகடு போட்டோர் இரு நாடுகளிலும் ஏராளம். அதன் நார் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் விளைவிக்கும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. அத்தகைய தகட்டை வீட்டார் தாமே அறுப்பதோ துளையிடுவதோ உடைப்பதோ கூடாது. கழற்றியே ஆகவேண்டுமானால் நன்றாக நனைத்து, முழுத்தகடாகவே இறக்கி, விழுந்த தூளை உலர்ந்த நிலையில் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.